கைக்கடக்கமான கண்ணாடி

அமெரிக்கா தேசத்தில் டெக்ஸாஸ் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது பழைய மாணவர் ஒருவர் சென்ற புரட்டாசி மாதத்தில் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் என்றால் தபால்காரர் கொண்டு வந்து கொடுத்தது அல்ல. கைபேசியில் வந்து விழுந்தது. ஆயினும், "அன்பும் மரியாதையும் மிக்க ஸார் அவர்களுக்கு வணக்கம்" என்று பழைய முறைப்படியே தொடங்கியிருந்தபடியால் நாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாவதானமாகவே படித்தோம்.

விஷயம் இதுதான். அவர் குடியிருக்கும் பிரதேசத்தில் காட்டுப் பன்றிகள் விளைநிலங்களை உழுது நாசம் செய்கின்றனவாம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தம்மிடம் இருந்த பழைய லீவர் துப்பாக்கியை அவருக்கு விலைக்குக் கொடுத்திருக்கிறார். அதன் மேல் பொருத்துவதற்குச் சிறியதாக, சிக்கல் இல்லாததாக ஒரு தூரக்கண்ணாடி வேண்டும். கடையிலோ நூறு தினுசு இருக்கிறது. "பத்தாம் வகுப்பில் எங்களுக்கு லென்ஸ் பாடம் நடத்தியவர் தாங்கள். எதை வாங்கலாம் என்று தாங்களே சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார். அதோடு, நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழவேற்காட்டு ஏரிக்குப் பறவை பார்க்கப் போவதாகக் கேள்விப்பட்டாராம். அவர்களுக்கும் நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளும்படி பன்னிரண்டாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார்.

கும்மிடிப்பூண்டியில் சாக்பீஸ் தூசியைத் தவிர வேறு எந்த மருந்தும் கையில் படாத ஓர் உபாத்தியாயரிடம் துப்பாக்கி விஷயமாக யோசனை கேட்பது வேடிக்கைதான். நமது வீட்டில் பெரியவர்கள் ராட்டை சுற்றினார்களே தவிர, ரவை போட்டதில்லை. நம் தேசத்தாருக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தமே ஒரு மாதிரியானது. 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கலாகாது. ஐரோப்பியருக்கு மட்டும் விதிவிலக்கு. சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் அந்தச் சட்டம் போய் வேறு சட்டம் வந்தது. லைசென்ஸ் மட்டும் போகவில்லை. அதனால் நாம் ஒன்றும் குறைப்படவில்லை.

வேட்டை என்பதும் இந்நாட்டில் முடிந்துபோன கதை. 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாலும் 1991-ல் அதற்கு வந்த திருத்தத்தாலும், மகாராஜாக்களும் கலெக்டர்களும் புலித் தலையில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்ட வைபவம் ஒழிந்தது. ஆனால் அமெரிக்காவில் பன்றி வேட்டை சட்ட விரோதமல்ல. பயிரைக் காப்பவன் பாடு நமக்குப் புரியாததுமல்ல. மலையடிவாரத்தில் நிலக்கடலை போடுகிறவர்களைக் கேட்டால் பன்றியைப் பற்றி ஒரு புராணமே சொல்லுவார்கள். ஆகவே அஹிம்சையைப் பற்றி அவருக்கு உபதேசம் செய்யாமல், கேட்ட கேள்விக்கு விடை எழுதுவது என்று தீர்மானித்தோம்.

லீவர் துப்பாக்கியைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். விசைக்குக் கீழே விரல்கள் நுழையும்படி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே துள்ளி விழும்; புதுத் தோட்டா உள்ளே ஏறும். அமெரிக்காவின் மேற்குத் திசைச் சினிமாக்களில் குதிரை மேலிருந்தபடி 'சடக், சடக்' என்று இழுத்துச் சுடுகிறார்களே, அதுதான். ஜான் பிரௌனிங் என்ற மகா மேதாவி வின்செஸ்டர் கம்பெனிக்காக 1894-ம் வருஷத்து மாதிரியையும் 1895-ம் வருஷத்து மாதிரியையும் அமைத்தார். இரண்டாவது மாதிரியை ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பதவியை விட்டபின் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்.

நமக்கு இன்னும் கிட்டத்துச் சம்பந்தமும் உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்ஸன் (1910–1974) நமது சேலம் ஜில்லாக் காடுகளிலும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தொடர்ந்து சென்றாரல்லவா? அவர் கையில் இருந்ததும் அந்த 1895 மாதிரி .405 வின்செஸ்டர்தான். அவருடைய கதைகளில் கண்ணாடியைவிடக் காதுக்கே வேலை அதிகம். இருட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்து, கீழே சருகு நொறுங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆயுதம் எளியதாயிருந்தால் மனிதனுடைய புலன்கள் வேலை செய்யும் என்பதை நாம் அவரைப் படித்தே தெரிந்துகொண்டோம்.

நிற்க. லென்ஸ் சாஸ்திரப்படி மாணவருக்கு நாம் எழுதியதன் சாரம் வருமாறு.

முதலில் கூடு எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய 1894 மாதிரி துப்பாக்கி வெடித்த கூட்டை மேல் நோக்கி எறியும். தலைக்கு நேர் மேலே கண்ணாடியைப் பொருத்தினால் கூடு அதில் போய் முட்டும். 1982-ல்தான் அந்தக் கம்பெனியார் கூடு சாய்வாக விழும்படி மாற்றினார்கள். அதற்கு மாறாக, 1948-ல் வந்த மார்லின் 336 என்ற மாதிரியில் கூடு பக்கவாட்டில் விழும். மேல் பாகம் மூடியிருக்கும். கண்ணாடி தாராளமாக உட்காரும். ஆகையால், "தம்பி, கண்ணாடியைத் தேடுவதற்கு முன்னால் உன் துப்பாக்கி எந்த ஜாதி என்று பார்" என்று எழுதினோம்.

இரண்டாவது, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி. துப்பாக்கி வெடித்தவுடன் பின்னால் உதைக்கும். பைனாகுலரைப் போல் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் கண்ணாடியாயிருந்தால் புருவம் பிளந்துபோகும். ஆதலால் துப்பாக்கிக் கண்ணாடியில் மூன்றரை, நாலு அங்குல தூரத்திலிருந்தே முழுக் காட்சியும் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லுகிற வேறு எந்தப் பெருமையைக் காட்டிலும் இந்த நாலு அங்குலம் முக்கியம்.

மூன்றாவது விஷயத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அது உருப்பெருக்கம். லீவர் துப்பாக்கி நூறு, நூற்றைம்பது கஜ தூரத்துக்குள் மரங்களுக்கிடையில் சுடுவதற்கு ஏற்பட்டது. அதற்கு இரண்டரை மடங்கு பெருக்கிக் காட்டினால் போதும். பன்னிரண்டு மடங்கு பெருக்கினால் பன்றியின் உரோமம் ஒவ்வொன்றும் தெரியும். பன்றி எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. உருப்பெருக்கம் ஏற ஏறப் பார்வையின் அகலம் சுருங்கும். இது தப்ப முடியாத விதி. மேலும், ஒரே பெருக்கமுள்ள கண்ணாடியில் அசையும் உறுப்புகள் குறைவு. உதை பட்டாலும் நிலை பிசகாது. லீவர் துப்பாக்கியின் அழகே அதன் மெலிவுதான். ஒரு கையால் நடுவில் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நடக்கலாம். அதன் தலையில் ஒரு பெரிய தூம்பை ஏற்றுவது மாட்டு வண்டிக்கு ரயில் புகைபோக்கி வைத்தது போலாகும். இருபது மில்லிமீட்டர் வாயுள்ள சிறு கண்ணாடி ஒன்று போதும் என்று முடித்தோம்.

எழுதி அனுப்பிய பிறகுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. துப்பாக்கியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாம் எழுதியது அத்தனையும் நமது பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக்கும் பொருந்தும்.

கருவி தேர்ந்தெடுக்கும் வேலை நமது திருவள்ளூர் ஜில்லாவுக்குப் புதியதன்று. கொசஸ்தலை ஆற்றுக்கு அருகே அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை ஏறக்குறைய 15 லக்ஷம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. நம் பிள்ளைகளைப் பூண்டியில் உள்ள காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்று அப்படிப்பட்ட கற்களைக் காட்டியிருக்கிறோம். எந்தக் கல்லைப் பார்த்தாலும் உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கிறது. பதினைந்து லக்ஷம் வருஷத்துக்கு முன் இருந்தவனுக்குக் கடைக்காரர் உபத்திரவம் இல்லை அல்லவா!

நமக்கு இருந்தது. சென்னையில் ஒரு பெரிய கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். பெயர் வேண்டாம். பறவை பார்க்க பைனாகுலர் வேண்டும் என்றதும் கடைச் சிப்பந்தி ஒரு பெரிய பெட்டியைத் திறந்து, பத்திலிருந்து முப்பது மடங்கு வரை திருகிக்கொள்ளக்கூடிய 'ஜூம்' கண்ணாடி ஒன்றை மேஜை மேல் வைத்தார். முன் வாய் இரண்டும் குங்குமச் சிவப்பாக ஜொலித்தன. "ஸார், இதில் பார்த்தால் நிலாவே வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிடும்" என்றார். நிலா வரட்டும். நமக்கு வேண்டியது அண்ணாமலைச்சேரிக் கரையிலிருந்து பூநாரை. அந்தச் சிவப்புப் பூச்சினால் பிரயோஜனம் ஒன்றுமில்லை; சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு உலகத்தைப் பச்சையாகக் காட்டும். பூநாரையைச் சிவப்பில்லாமல் பார்ப்பதற்கு அவ்வளவு பணம் கொடுப்பானேன்?

நல்ல பூச்சு வேறு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சம் திரும்பி ஓடிவிடுகிறது. பைனாகுலருக்குள் லென்ஸும் பட்டகமுமாகப் பல முகங்கள். கணக்குப் போட்டால் கண்ணுக்கு வந்து சேருவதற்குள் பெரும் பங்கு போய்விடும். 1935-ல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மாகுலா என்பவர் இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். அந்தப் பூச்சுள்ள லென்ஸை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தால் மங்கலான பச்சையோ ஊதாவோ தெரியும். பார்த்ததும் பிரமிக்க வைக்காது. வெங்காயத் தோல் நிறம் என்று சொல்லலாம்.

பைனாகுலரின் மேல் 8x32 என்று ஒரு குறி போட்டிருப்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் வருவது கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம். 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. பகல் வெளிச்சத்தில் நமது கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். ஆகவே நாலு தாராளம். கை கொஞ்சம் ஆடினாலும் காட்சி மறையாது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் 10x25-ல் இரண்டரைதான். மாலுமிகள் வைத்திருக்கும் 7x50-ல் ஏழுக்கு மேல். இருட்டுக்கு நல்லது, ஆனால் ஒரு கிலோ கனம். எட்டாம் வகுப்புக் குழந்தையின் கழுத்து அதைத் தாங்காது. இந்த வகுத்தல் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொன்னோம். கடைகளின் விலைப்பட்டியல்களைக் கரும்பலகையில் எழுதி ஒரு பீரியட் முழுவதும் வகுத்தார்கள். பின்னம் கண்டால் ஓடும் பிள்ளைகள்கூட அன்று ஓடவில்லை.

கண்ணாடி வாங்கும் காரியத்தில் நாம் மிகவும் கவலைப்பட்டது வேறொன்று. வகுப்பில் ஆறு பேர் மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள். அவர்களில் ஒரு பெண், ஏரியோரத்துக் குப்பத்திலிருந்து வருகிறவள். அவள் தகப்பனார் இறால் பிடிக்கிறார். பிறந்தது முதல் ஏரியைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் மூன்றாம் வகுப்பு வரை அவளுக்குக் கண் தெரியவில்லை என்பதையே யாரும் கவனிக்கவில்லை. "அதோ செங்கால் கூட்டம்" என்று அண்ணன்மார் காட்டும்போது, இவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாளாம். இப்படிப்பட்டவர்கள் மூக்குக் கண்ணாடியோடேயே பைனாகுலரில் பார்க்க வேண்டுமானால், கண் வைக்கும் லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் பதினைந்து மில்லிமீட்டராவது இடம் விட்டு முழுக் காட்சி தெரிய வேண்டும். மலிவான கண்ணாடிகளில் பத்துக்கு மேல் இராது. பார்த்தால் சாவித் துவாரத்தின் வழியாகப் பார்ப்பது போலிருக்கும். துப்பாக்கியில் புருவத்தைக் காப்பாற்றும் அதே இடைவெளி இங்கே ஒரு குழந்தைக்குப் பறவையைக் காட்டுகிறது. இந்த ஓர் எண்ணைப் பெட்டியின் மேல் தேடிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தோம். கடைச் சிப்பந்திக்கு அந்த எண் எதற்கென்றே தெரியவில்லை.

முடிவில் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு பெரிய கண்ணாடிக்குப் பதிலாக இரண்டு சிறியவை வாங்கினோம். இரண்டும் எட்டு மடங்கு, முப்பத்திரண்டு மில்லிமீட்டர். 1854-ல் இத்தாலிய என்ஜினீயர் போர்ரோ கண்டுபிடித்த பட்டக முறையில் அமைந்தவை. தோள் புடைத்து, பழைய பாணியில் இருக்கும். இப்போது நாகரிகமாயிருப்பவை நேர்க் குழாய்க் கண்ணாடிகள். அவற்றின் பட்டகத்தை மிக நுட்பமாகச் செதுக்க வேண்டியிருப்பதால், ஒரே விலைக்குப் போர்ரோவே தெளிவாகக் காட்டும். சுதேசிச் சரக்காகக் கிடைக்குமா என்றும் விசாரித்தோம். நம் விலைக்குள் கடையில் இருந்த எதன் மேலும் இந்தியாவில் செய்தது என்று அச்சிட்டிருக்கவில்லை. நம் ஜில்லாவிலேயே ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் செய்து விற்க யாருக்காவது மனம் வர வேண்டும்.

தூரக்கண்ணாடிக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்பது வாசகர்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1608-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஹாலந்து தேசத்தில் லிப்பர்ஷே என்ற மூக்குக் கண்ணாடி வியாபாரி, தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் குழாய் ஒன்றுக்கு உரிமைச் சாஸனம் கேட்டு விண்ணப்பம் செய்தார். மறு வருஷம் கலிலியோ அதைக் கேள்விப்பட்டுத் தாமே ஒன்று செய்து வானத்துக்குத் திருப்பினார். அதற்கு அடுத்த சில வருஷங்களில் அதே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து இறங்கி, 1613-ல் கெல்ட்ரியா என்று கோட்டையும் கட்டிவிட்டார்கள். அவர்கள் மேனியில் துணியைவிட அதிகமாக நம் நெசவாளர்களின் துணியின் மேல் கண். கோட்டை போய்விட்டது, மண்டையோடு செதுக்கிய கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே சிறிது நேரம் பயந்துவிட்டு ஏரிக்கரைக்கு ஓடுவார்கள்.

ஏரி என்று சொன்னாலும் அது கடல் நீரும் ஆற்று நீரும் கலந்த காயல். ஒரிஸ்ஸாவில் உள்ள சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் இதுவே பெரியது. பெரும் பாகம் ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பும்போது நமது வகுப்பு ஜன்னலில் பாடம் நின்றுவிடும். தெற்கே ஆரணியாறு வந்து விழுகிறது. ஆழம் அதிகம் இல்லை. பல இடங்களில் மனிதன் இடுப்பளவுதான். அதனால்தான் பூநாரைகள் நின்றுகொண்டு, தலையைத் தலைகீழாகத் திருப்பி, அலகைச் சல்லடையாக வைத்துச் சேற்று நீரை வடிகட்டித் தின்ன முடிகிறது. 1980-ல் தமிழ்நாட்டரசு தன் பங்கு ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

சரணாலயம் என்று பலகை வைத்தால் போதுமா? முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவதாக மீனவர்கள் முறையிடுகிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரிக்கும் திட்டத்தைப் பற்றிச் சில வருஷங்களாகப் பெரிய வாதப் பிரதிவாதம் நடந்து வருகிறது. இந்தச் சச்சரவுகளில் மீனவருக்கு வாயுண்டு. கம்பெனிக்கு வக்கீல் உண்டு. பறவைக்கு இருப்பதெல்லாம் கணக்கு ஒன்றுதான். இன்ன வருஷம், இன்ன இடத்தில், இன்ன ஜாதி, இத்தனை என்று எழுதி வைத்தால் அது சாக்ஷி சொல்லும். ஆசியாக் கண்டம் முழுவதற்குமாக நீர்ப்பறவைக் கணக்கு 1987 முதல் வருஷந்தோறும் ஜனவரியில் எடுக்கப்பட்டு வருகிறது. நமது பிள்ளைகள் எண்ணுவது அதில் ஒரு துளி. துளியாயிருந்தாலும் கலப்படமில்லாத துளியாக இருக்க வேண்டும் அல்லவா? மங்கலான கண்ணாடியில் மணல் திட்டையும் உள்ளான் கூட்டத்தையும் பிரித்தறிய முடியாவிட்டால், நாம் எழுதிக் கொடுப்பது பொய்ச் சாட்சி.

துப்பாக்கியிலிருந்து கண்ணாடிக்கு வருவது நம் தேசத்தில் பெரியவர்கள் நடந்த பாதைதான். 1908-ல் பம்பாயில் ஒரு பையன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இது என்ன பக்ஷி என்று கேட்டுக்கொண்டு இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தின் வாசற்படியை மிதித்தான். அவன்தான் சலீம் அலி. நமது தமிழ்நாட்டில் அ. மாதவையா அவர்களின் குமாரர் மா. கிருஷ்ணன் (1912–1996) இருந்தார். பழைய காமிராக்களின் பாகங்களை ஒட்டுப் போட்டுத் தாமே ஒரு பெரிய காமிராச் செய்து, அதற்கு 'ஸூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்து, காட்டு யானையைப் படம் பிடித்தார். அவர் கருவி கைக்கடக்கமானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேதைகளுக்கு நமது சட்டம் செல்லாது.

ஜனவரியில் இரண்டு கண்ணாடியோடும் நாற்பது பிள்ளைகளோடும் சென்றோம். பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கிப் பஸ் பிடித்து, விடியும் முன்பே கரை சேர்ந்தோம். நமது நண்பர், ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவர், இருபது மடங்குக் கண்ணாடியுடன் கூட வந்தார். "எட்டை வைத்துக்கொண்டு எதை எண்ணப் போகிறீர்?" என்று வழியெல்லாம் பரிகாசம். கரையில் முக்காலி போட்டு நிறுத்தியபோது அவருடைய கண்ணாடி அபாரமாகத்தான் இருந்தது. கூழைக்கடாவின் மேலலகில் உள்ள புள்ளிகளைக்கூட எண்ணலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் திட்டுக்கு அருகில் போகப் படகில் ஏறினோம். படகோட்டி கழி போட்டுத் தள்ளத் தள்ள, என்ஜினீயர் கண்ணாடியில் ஏரி முழுவதும் நாட்டியம் ஆடிற்று. கை நடுக்கத்தையும் இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். தவிர, எட்டு மடங்கில் ஆயிரம் மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய நூற்று முப்பது மீட்டர் அகலம் தெரியுமானால், அவருக்குத் தெரிந்தது அதில் பாதிகூட இல்லை. எண்ணிக்கொண்டே வரும்போது கூட்டத்தின் எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று தெரியாமல் மூன்று தரம் முதலிலிருந்து தொடங்கினார்.

பிள்ளைகள் பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணினார்கள். ஒருவன் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல, பக்கத்திலிருப்பவன் நோட்டில் கோடு போடுவான், பிறகு கைமாறும். சிப்காட் உருக்காலையில் வேலை பார்க்கும் ஒரு ஒடிசாக்காரரின் மகன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். தமிழ் அவனுக்கு நாலு வருஷப் பழக்கந்தான். பூநாரையைப் பார்த்ததும் சொந்த பாஷையில் ஏதோ கூவினான். அவன் பாட்டன் வீடு சிலிகாக் கரையிலாம். ஊசிவால் வாத்து எப்படிப் பறக்கும் என்று கையால் அவன் காட்டியது நம்முடைய விளக்கத்தைக் காட்டிலும் நன்றாயிருந்தது.

இரண்டு கோஷ்டியும் தனித்தனியே எண்ணியதில், ஒன்று பூநாரை 340 என்றது, மற்றொன்று 360. படிவத்தில் இரண்டையும் எழுதினோம்.

மூக்குக் கண்ணாடிப் பெண்ணின் முறை வந்தபோது, அவள் கண்ணாடியைக் கழற்றாமலே பைனாகுலரை வைத்துக்கொண்டாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னாலிருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். "ஸார், எல்லாருக்கும் அலகு ரோஸாக இருந்து நுனி மட்டும் கறுப்பு. அந்த ஓரத்தில் நிற்கிற மூன்றுக்கு அலகே முழுக்க இருட்டாக இருக்கிறது. ஆளும் குட்டை" என்றாள். சிறு பூநாரை என்று வேறோர் ஜாதி உண்டு. அதன் அலகு கருஞ்சிவப்பு. இந்த ஏரியில் எப்போதாவதுதான் தென்படும். நாம் கண்ணாடியை வாங்குவதற்குள் ஓர் ஆலா கூச்சலிட்டுத் தாழப் பறந்தது. கூட்டம் முழுவதும் இறகின் சிவப்பைக் காட்டிக்கொண்டு எழும்பி, ஆந்திர எல்லைப் பக்கம் போய் இறங்கிவிட்டது.

என்ஜினீயர், "இளங்குஞ்சாக இருக்கும்" என்றார். இருக்கலாம், குஞ்சின் நிறமும் மங்கல்தான். அந்தப் பெண், "குஞ்சுக்குக் காலும் மங்கலாக இருக்குமென்று நீங்கள்தானே ஸார் சொன்னீர்கள்? இதன் கால் சிவப்பு" என்றாள். படகிலிருந்த மற்றப் பிள்ளைகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கரை சேரும் வரையில் வழக்காடினார்கள். படிவத்தில் 'சிறு பூநாரை' என்ற வரிசையில் 3 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பார்த்தவரின் பெயர் என்ற இடத்தில் அவளையே கையெழுத்திடச் சொன்னோம்.

கண்ணாடிகள் இரண்டும் இப்போது ஸ்டாப் ரூமில் ஓர் எவர்சில்வர் டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவில் இருக்கின்றன. கடற்காற்றில் திறந்து வைத்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் காளான் பூத்துவிடும். வேஷ்டி முனையால் துடைக்கக் கூடாது என்று மூடியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம். அது பிள்ளைகளுக்காக அல்ல, மற்ற உபாத்தியாயர்களுக்காக.